மோட்டார் கொட்டகை

புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பூஜை அறை எந்தத் திசையில் இருக்க வேண்டும், சமையலறைப் புகை எந்த வழியாக வெளியேற வேண்டும், திண்ணை வைப்பதா வேண்டாமா என்பதையெல்லாம் மேஸ்திரியுடன் நாட்கணக்கில் விவாதிக்கிறார்கள். மோட்டார் வண்டியை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி மட்டும் கிரகப் பிரவேசத்துக்கு முதல் நாள்தான் அவர்களுடைய ஞாபகத்துக்கு வருகிறது. “மாடிப்படிக்குக் கீழே கொஞ்சம் இடம் இருக்கிறதே, அங்கே நின்றுவிட்டுப் போகட்டும்!” என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்புச் சொல்லி விடுகிறார்கள்.

வண்டி வாங்கி நாலைந்து வருஷத்தில் விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குகிறவர்களுக்கு அந்த ஏற்பாடு போதும். ஆனால் நம்மிடையே வேறு வகை மனிதர்களும் இருக்கிறார்கள். தகப்பனார் வாங்கிய அம்பாஸிடரையோ, பாட்டனார் ஓட்டிய பியட்டையோ விற்க மனம் வராமல், ஞாயிற்றுக்கிழமை தோறும் அதன் கீழே படுத்துக்கொண்டு, கையெல்லாம் கிரீஸ் மயமாக எழுந்து வருகிறவர்கள் இவர்கள். இவர்கள் வீட்டில் இட்லிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் கார்பரேட்டர் ஊறிக்கொண்டிருக்கும். துணி காயப் போடும் கொடியில் பான் பெல்ட் தொங்கும். வீட்டு அம்மாளின் பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டல்லவா? அந்த அம்மாளின் நன்மையை முன்னிட்டும், அந்த வண்டியின் நன்மையை முன்னிட்டும் மோட்டார் கொட்டகையைப் பற்றிச் சில விஷயங்கள் சொல்ல விரும்புகிறோம்.

இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் என்று நேயர்கள் எண்ணிவிடக் கூடாது. தேசம் சுதந்திரம் அடைந்த மறு வருஷமாகிய 1948-ல் சென்னையை அடுத்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் கம்பெனி தோன்றி, ஆஸ்டின் வண்டிகளைப் பூட்டி வெளியிடத் தொடங்கியது. அதே காலத்தில் சென்னையில் ஏற்பட்ட ஸ்டாண்டர்டு கம்பெனி 1961 முதல் ஹெரால்டு என்ற அழகிய சிறு வண்டியைச் செய்தது. வங்காளத்தில் உத்தரபாராவிலிருந்து 1957-ல் கிளம்பிய அம்பாஸிடர், 2014 வரையில் ஐம்பத்தேழு வருஷம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தது. பம்பாய்க் குர்லாவில் பியட் 1100 வண்டி பத்மினி என்னும் பெயர் பூண்டு தேசமெங்கும் உலவியது. இன்று இவற்றில் ஒன்றும் உற்பத்தியாவதில்லை. இருக்கிற வண்டிகளும் பழைய இரும்பு விலைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. கோயம்புத்தூரில் 2015 முதல் ஜி. டி. கார் காட்சிசாலை இருக்கிறது, போற்றத்தக்க முயற்சிதான். ஆனால் ஒரு காட்சிசாலைக்குள் எத்தனை வண்டிகளை வைக்க முடியும்? நமது தொழிலாளர்களின் கைத்திறனுக்குச் சாட்சியாக நிற்கும் இந்த வண்டிகள் இனிப் பிழைத்திருப்பதென்றால், பெரும்பாலும் வீட்டுக் கொட்டகைகளில்தான் பிழைத்திருக்க வேண்டும்.

கொட்டகை என்று இளப்பமாக நினைக்கவும் வேண்டாம். இங்கிலாந்தில் வில்லியம் மாரிஸ் என்ற வாலிபர் 1893-ல் நாலு பவுன் மூலதனத்துடன், ஆக்ஸ்போர்டு நகரில் தம் தகப்பனார் வீட்டுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் சைக்கிள் ரிப்பேர் செய்யத் தொடங்கினார். அவர் ஸ்தாபித்த மாரிஸ் கம்பெனியின் ஆக்ஸ்போர்டு வண்டிதான் பிற்காலத்தில் நமது அம்பாஸிடருக்கு மூலம். அமெரிக்காவில் ஹென்றி போர்டு தமது முதல் வண்டியை டெட்ராய்ட் நகரில் வாடகை வீட்டின் பின்புறக் கொட்டகையில் கட்டினார். 1896 ஜூன் மாதம் வண்டி தயாரானதும் அதை வெளியே கொண்டுவரப் பார்த்தால், வாசல் போதவில்லை! கோடாலியால் சுவரை இடித்துத்தான் வண்டியைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். ஆகவே, முதலில் அளவைப் பற்றியே பேசுவோம்.

இடமும் தரையும்

அம்பாஸிடர் வண்டியின் நீளம் ஏறக்குறைய 14 அடி 2 அங்குலம். அகலம் ஐந்தரை அடி. உயரம் ஐந்தேகால் அடி. வண்டியை நிறுத்த மட்டும் இவ்வளவு இடம் போதும். வேலை செய்ய வேண்டுமானால் 20 அடி நீளமும் 12 அடி அகலமும் வேண்டும். அப்போதுதான் இரு பக்கமும் கதவுகளைத் தாராளமாகத் திறக்கலாம்; முன்புறம் இரண்டடி அகலத்தில் ஒரு வேலை மேஜை போட்டு, அதற்கும் வண்டிக்கும் நடுவே நின்று வேலை செய்யலாம். பானட்டைத் தூக்கினாலும், பின்னால் இயந்திரத்தைச் சங்கிலி கட்டி இறக்க நேர்ந்தாலும் இடிக்காமல் இருக்கக் கூரை 10 அடி உயரம் இருப்பது நலம். வாசலை எட்டடிக்குக் குறையாமல் வையுங்கள். போர்டு துரையின் கோடாலி எல்லோர் வீட்டிலும் இராது.

வண்டியின் எடை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம். அவ்வளவு பாரத்தையும் சில சமயம் ஜாக்கியின் சிறு பாதம் ஒன்றே தாங்க வேண்டியிருக்கும். எனவே, நன்றாகத் திமிசு போட்டுக் கெட்டித்த மண்ணின் மேல் நாலைந்து அங்குலக் காங்கிரீட் அவசியம். போட்ட பிறகு ஒரு வாரமாவது தண்ணீர் தேக்கி ஆறவிட வேண்டும். பத்தடிக்கு ஓர் அங்குலம் வீதம் வாசலை நோக்கிச் சரிவு இருந்தால் கழுவிய நீர் தானே ஓடிவிடும். வழவழப்பான ஓடு பதிக்க ஆசைப்படாதீர்கள். எண்ணெய் சிந்தினால் வண்டிக்கு முன்னால் நாம் சறுக்கி விழுவோம். சென்னைவாசிகள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2023 டிசம்பர் புயல் மழையிலும் தாழ்வான இடங்களில் நின்ற வண்டிகள் ஆசனம் வரையில் நனைந்தன. தெரு மட்டத்துக்கு மேல் கொட்டகையை உயர்த்திக் கட்டச் செலவழிக்கும் பணம் ஒருநாளும் வீண் போகாது.

மூன்று வாயுக்கள்

இனிச் சொல்லப் போவதுதான் மிக முக்கியமானது. கொட்டகையில் அழகு குறைந்தால் பாதகமில்லை. காற்றோட்டம் குறைந்தால் உயிருக்கே ஆபத்து.

மூடிய அறைக்குள் இயந்திரத்தை ஓடவிட்டால் புகைக் குழாயிலிருந்து கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு வெளிவருகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நமது இரத்தம் பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் ஆவலுடன் அதைப் பற்றிக்கொள்ளும். லேசான தலைவலி, பிறகு சோர்வு, பிறகு மயக்கம். ஆபத்து என்று உணர்வதற்குள் எழுந்து நடக்கும் சக்தி போய்விடும். கதவைப் பாதி திறந்து வைத்தோமே என்ற சமாதானமும் உதவாது. இயந்திரத்தை ஓட்டிப் பார்க்க வேண்டுமா? வண்டியை வெளியே தள்ளிக்கொண்டு வந்த பிறகு ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, பெட்ரோல் ஆவி. இது காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. ஆகையால் தண்ணீரைப் போலத் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் போய்த் தங்கும். வண்டிக்குக் கீழே நின்று வேலை செய்யக் குழி வெட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. சௌகரியமானதுதான்; ஆனால் அந்தக் குழிதான் பெட்ரோல் ஆவிக்கு உகந்த இருப்பிடம். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குளத்தில் ஒரு மின்சாரப் பொறி விழுந்தால் போதும். குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் குழி வேண்டவே வேண்டாம் என்பது நமது அபிப்பிராயம்.

மூன்றாவது, பாட்டரிக்கு மின்சாரம் ஏற்றும்போது கிளம்பும் ஹைட்ரஜன். இது மிக லேசானது. மேலே போய்க் கூரையடியில் தேங்கும். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு சேர்ந்தாலே தீப்பற்றும். ஒன்று தரையில் படுக்கிறது. மற்றொன்று கூரையில் ஏறுகிறது. நடுவில் இருப்பதோ எங்கும் கலந்துவிடுகிறது. ஆகையால் கொட்டகையின் காற்றுத் துவாரங்கள் தரையை ஒட்டி இரண்டு, கூரையை ஒட்டி இரண்டு என்று எதிரெதிர்ச் சுவர்களில் இருக்க வேண்டும். நடுவில் மட்டும் ஒரு ஜன்னல் வைப்பது போதாது.

தூக்குவதும் தாங்குவதும்

ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு ஏற்பட்டது. தூக்கிய வண்டியைத் தாங்குவதற்கு இரும்பு ஸ்டாண்டுகள் தனியே இருக்கின்றன. ஜாக்கிக்குள் ஒரு சிறு ரப்பர் வளையம் கிழிந்தால் எண்ணெய் கசிந்து வண்டி இறங்கிவிடும். கீழே படுத்திருப்பவரைக் கேட்டுக்கொண்டு இறங்காது. செங்கல்லை அடுக்கி அதன் மேல் வண்டியை நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு நெஞ்சு பதறுகிறது. கனம் ஓரத்தில் விழுந்தால் செங்கல் முன்னறிவிப்பின்றித் தூளாகிவிடும். ஒரு ஜோடி நல்ல ஸ்டாண்டு வாங்கும் வரையில் வண்டிக்கு அடியில் தலையை நீட்டுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொள்ளுங்கள்.

ஆயுதங்கள்

கடைக்குப் போய் நூறு சாமான் அடங்கிய பெட்டியை ஒரே நாளில் வாங்கி வருவது புத்திசாலித்தனமல்ல. முதலில் உங்கள் வண்டி எந்த அளவைப் பேசுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பழைய அம்பாஸிடரும் ஹெரால்டும் ஆங்கிலேய வம்சம்; அவற்றின் நட்டுகளுக்கு ஏழு பதினாறில், அரை அங்குலம், ஒன்பது பதினாறில் போன்ற அங்குல ஸ்பானர்கள் வேண்டும். பத்மினி இத்தாலிய வம்சம். அதற்கு மில்லிமீட்டர் ஸ்பானர்கள் வேண்டும். அரை அங்குல நட்டை 13 மில்லிமீட்டர் ஸ்பானரால் திருகலாம் போலத்தான் தோன்றும். திருகினால் நாலு தடவைக்குள் நட்டின் முனைகள் மழுங்கிப் போகும். பிறகு உளியும் சுத்தியலுந்தான் கதி.

நல்ல ஸ்பானர் செட் ஒன்று, திருப்புளி ஆறு, குறடு இரண்டு, ஒரு ராத்தல் சுத்தியல், அரம், முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ஸ்பானர், பாட்டரியைச் சோதிக்கும் மீட்டர், மேஜை ஓரத்தில் போல்ட் போட்டு முடுக்கிய ஒரு வைஸ் இடுக்கி. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். வைஸின் வாய் நின்றுகொண்டிருப்பவரின் முழங்கை உயரத்தில் இருந்தால் அரம் போடும்போது முதுகு நோகாது. சுவரில் பலகை அடித்து ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் வரைந்து, அதனதன் இடத்தில் மாட்டுங்கள். மாலையில் பலகையைப் பார்த்தவுடனே எது திரும்பி வரவில்லை என்று தெரிந்துவிடும். இயந்திரத்துக்குள் மறந்து வைத்த ஸ்பானரும் இப்படித்தான் அகப்படும்.

மின்சார இணைப்புக்கு நல்ல எர்த்தும், 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டித்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்சும் அவசியம். எண்ணெய், பெட்ரோல் நெருப்பின் மீது தண்ணீர் ஊற்றினால் நெருப்புத்தான் பரவும். வாசல் பக்கத்தில் உலர்பொடித் தீயணைப்பான் ஒன்றும், இரண்டு வாளி மணலும் வைத்திருங்கள். வாசல் பக்கத்தில் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு: நெருப்புக்கு அப்பால் மாட்டிய கருவியை எடுக்க நெருப்பைத் தாண்டித்தான் போக வேண்டும்.

பராமரிப்பு

கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று இரும்பைத் தின்னும். வண்டியைப் பிளாஸ்டிக் உறையால் மூடினால் ஈரம் உள்ளேயே தங்கித் துரு இன்னும் வேகமாகப் பிடிக்கும். பருத்தித் துணியே மேல். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை அதை மாற்றாவிட்டால் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடிக்கும்.

இப்போது புதிதாக ஒரு கவலை சேர்ந்திருக்கிறது. 2025-ல் நமது பெட்ரோலில் கலக்கும் எத்தனால் நூற்றுக்கு 20 பங்கை எட்டிவிட்டது. கரும்பிலிருந்தும் தானியத்திலிருந்தும் கிடைக்கும் இந்தப் பொருளால் தேசத்துக்கு அந்நியச் செலாவணி மிச்சமாகிறது, நல்லதே. ஆனால் பழைய வண்டிகளின் ரப்பர்க் குழாய்கள் இதற்காகச் செய்யப்பட்டவையல்ல. நாளடைவில் ஊதிப் பிளந்துவிடும். எத்தனாலைத் தாங்கும் புதுக் குழாய்களைப் போடுவதுதான் கொட்டகை கட்டியவர் செய்ய வேண்டிய முதல் வேலை. வடித்தெடுத்த பழைய எண்ணெயைச் சாக்கடையில் கொட்டுவது கிணற்றுக்கும் குளத்துக்கும் செய்யும் துரோகம். மூடியுள்ள டப்பாவில் சேர்த்து, அதை வாங்கிச் சுத்திகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சர்க்காரும் இத்தகைய வண்டிகளை மறந்துவிடவில்லை. முதல் பதிவிலிருந்து 50 வருஷத்துக்கு மேற்பட்ட, உருமாறாத வண்டிகளைத் தனி வரிசையில் பதிவு செய்ய 2021-ல் மத்திய சர்க்கார் விதி செய்திருக்கிறது. கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர் போன்ற காரியங்களுக்கு மட்டும் அவற்றைச் சாலையில் ஓட்டலாம். நாளைக்கு உங்கள் வண்டியும் அந்த வயதை எட்ட வேண்டுமானால் இன்று அதற்கு ஒரு கூரை வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஜி. டி. நாயுடு வாலிபராக இருந்தபோது கோயம்புத்தூர் ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து, ஒரு வெள்ளைக்காரருடைய மோட்டார் சைக்கிளை வாங்கினார். வாங்கியதும் அதைக் கழற்றிப் போட்டு மறுபடி பூட்டினார். 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொழில் தொடங்கிய அந்த மனிதருக்கு, கழற்றிப் பூட்டிய அந்த அநுபவமே சர்வகலாசாலை. நம் வீட்டுப் பிள்ளைகளோ புஸ்தகத்தில் நாலு வீச்சு இயந்திரத்தின் படத்தை வரைந்து முழு மார்க்கும் வாங்கிவிடுகிறார்கள். ஸ்பார்க் பிளக்கைக் கையில் கொடுத்தால் எது மேல், எது கீழ் என்று விழிக்கிறார்கள். கையில் கறை படிந்தால் கௌரவம் குறையும் என்ற எண்ணம் நம்மைவிட்டு இன்னும் அடியோடு போகவில்லை. அதைப் போக்க மோட்டார் கொட்டகையைவிட நல்ல பள்ளிக்கூடம் வேறு வேண்டுமா? பையனை மட்டும் கூப்பிடாதீர்கள்; பெண்ணையும் கூப்பிடுங்கள். ஸ்பானரை எடுத்துக் கொடுக்கும் வேலையோடு நிறுத்தாமல், அந்த நட்டை அவளே முடுக்கட்டும்.