'சக்தி'யின் முதல் ஆல்பத்தில் ஒரு 'ராமநாதபுரம்': மூன்று விதத் தாளக் கணக்கு ஒன்று சேர்ந்தது எப்படி?

2024-ல் 'சக்தி' குழு 'திஸ் மொமென்ட்' ஆல்பத்துக்காக கிராமி வாங்கியபோது ஜான் மெக்லாஃப்ளின், ஜாகிர் உசேன், சங்கர் மகாதேவன் பெயர்களெல்லாம் டைம்லைனில் ஓடின. ஆனா, இந்தக் குழுவின் முதல் ஆல்பத்தில் நம்ம ஊர்ப் பெயர் ஒன்று இருப்பது தெரியுமா? ராம்நாட் ராகவன், மிருதங்கம்.

எப்போது நடந்தது?

1975 ஜூலை 5, நியூயார்க் அருகே லாங் ஐலண்டில் ஒரு கல்லூரிக் கச்சேரி. அதன் நேரடிப் பதிவுதான் அந்த ஆல்பம். கிட்டார் மெக்லாஃப்ளின், வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம். ராகவன் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்றுக்கொடுத்தவர்.

சிக்கல் என்ன?

மூன்று மரபும் தாளத்தை மூன்று விதமாக யோசிக்கும். தபலாவில் 'தேகா' என்ற நிலையான சொற்கட்டே தாளத்தைக் காட்டிவிடும். கர்நாடக இசையில் தாளம் கையில் இருக்கும். மிருதங்கம் பாட்டோடு சேர்ந்து போகும். மெக்லாஃப்ளின் வந்த ஜாஸில் டிரம்ஸும் பேஸும்தான் தாளத்தைத் தாங்கும். இங்கே அது இரண்டுமே கிடையாது!

எங்கே சந்தித்தார்கள்?

தீர்மானத்தில். ஒரே சொற்கட்டை மூன்று முறை வாசித்து சமத்தில் வந்து விழுவது. இந்துஸ்தானியில் இதுவே 'திஹாய்'.

நீங்களே போட்டுப் பாருங்க. ஆதி தாளம், எட்டு அட்சரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு மாத்திரை. கடைசி நான்கு அட்சரத்தில் 16 மாத்திரை. ஒன்றை விட்டுட்டு, 'த-திங்-கி-ண-தொம்' என்று ஐந்தை மூன்று முறை சொல்லுங்க. 1 + 15 = 16. அடுத்த தட்டு சமம்!

இதில் நமக்கு என்ன?

ஃபியூஷன் என்றாலே எல்லாத்தையும் கலக்கிவிடுவது என்று நினைக்கிறோம். இங்கே யாரும் தன் கணக்கை விட்டுக்கொடுக்கவில்லை. சமத்தை மட்டும் பகிர்ந்துகொண்டார்கள். கடத்துக்குப் பேர்போன மானாமதுரையும் 1985 வரை ராமநாதபுரம் மாவட்டம்தான். அந்த ஊர் மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2023-ல்.

அடுத்த ஆல்பத்திலேயே ராகவன் இல்லை. நால்வர் குழுவாகத்தான் 'சக்தி' பிரபலமானது. அதனால் அவர் பெயர் பலருக்கும் தெரியாமலே போனது. இன்னிக்கு அந்த முதல் ஆல்பத்தைப் போட்டா, மிருதங்கம் எங்கே என்று காது கொடுத்துத் தேடுங்க.