மழலையின் முதற் பழக்கம்

விடியற்காலையில் கொல்லைப்புறத்துத் துவைகல் அருகே நம் பாட்டிமார் அமர்ந்திருந்த கோலம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். இரு கால்களையும் நீட்டி, பாதங்களைச் சற்றே விலக்கி, அவற்றின் மீது நான்கு மாதக் குழந்தையைத் தம்மை நோக்கி உட்கார வைத்து, அதன் கைகளைப் பற்றிக்கொண்டு "ஆய், ஆய்" என்பார்கள். சிறுநீருக்கென்றால் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு மெல்லிய ஓசை. குழந்தையும் பாட்டியின் முகத்தைப் பார்த்தவாறே தன் காரியத்தை முடித்துவிடும்.

இக்காட்சி இன்று அருகி வருகிறது. மாடிக் குடியிருப்புகளில் கொல்லை இல்லை, பல வீடுகளில் பாட்டியும் இல்லை, டயப்பர் இருக்கிறது. அண்மையில் ஓர் இளந்தாய் நம்மிடம் குறைபட்டுக்கொண்டார். "மூன்று மாதப் பிள்ளையைக் காலில் வைத்துப் பழக்கச் சொல்கிறார் என் அத்தை. இரண்டு வயதுக்கு முன் பழக்கினால் பிள்ளையின் மனம் கெட்டுவிடும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. நான் யார் சொல்லைக் கேட்பது?" மாமியாரையும் புத்தகத்தையும் ஒருங்கே பகைத்துக்கொள்ள நாம் விரும்பவில்லை. எனினும் வினா நியாயமானது, ஆராய்ந்து பார்ப்போம்.

மேல்நாட்டார் இவ்விஷயத்தில் என்றும் ஒரே நிலையில் நின்றவர்கள் அல்லர். அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறை 1914 முதல் தாய்மாருக்கென ஒரு கைந்நூலை வெளியிட்டு வந்தது. 1930களில் வந்த அதன் பதிப்பு, பிறந்த சில மாதங்களிலேயே குழந்தையை நாள்தோறும் கடிகாரம் பார்த்து அமர்த்திப் பழக்க வேண்டும் என்று கண்டிப்புடன் கூறியது. குழந்தைக்கு வந்ததோ இல்லையோ, நேரம் வந்தால் உட்கார வேண்டும். இதனால் அழுகையும் அடமும் மலச்சிக்கலும் மிகுந்தன எனப் பின்னாளில் மருத்துவர்கள் குறைகூறினர். அந்தக் கண்டிப்புக்கு மறுப்பாக எழுந்ததே புதிய கொள்கை. பெர்ரி பிரேசல்டன் என்னும் குழந்தை மருத்துவர் தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளைப் பற்றி 1962இல் எழுதினார். ஏறத்தாழ 18 மாதத்தில் மெதுவாகத் தொடங்கி, குழந்தையின் விருப்பத்தை ஒட்டிப் பழக்கியதில், பகலில் நனையாதிருக்கும் நிலையைச் சராசரியாக 28 மாதங்களைக் கடந்து அக்குழந்தைகள் எய்தினர். இளந்தாய் படித்த புத்தகத்தின் மூலம் இதுவே. அவர் கண்டித்தது கடிகாரத்தையும் அதட்டலையுமே என்பதைப் பின்வந்தோர் மறந்துவிட்டனர் போலும்.

மற்றொரு பக்கத்தையும் காண்போம். கென்யா நாட்டின் கடற்கரையில் வாழும் டிகோ மக்களைப் பற்றி 1977இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. அங்கே பிறந்து இரண்டு மூன்று வாரங்களிலேயே பழக்கம் தொடங்குகிறது. தாய் கால்களை நீட்டித் தரையில் அமர்ந்து, குழந்தையைத் தன் கால்களிடையே வைத்துக்கொண்டு "ஷூ" என்று ஒலி எழுப்புகிறாள். குழந்தை சிறுநீர் கழித்ததும் அதைக் கொஞ்சி மகிழ்கிறாள். தவறினால் தண்டனை இல்லை. ஐந்தாறு மாதங்களில் குழந்தை இரவும் பகலும் பெரும்பாலும் நனையாமல் இருக்கிறதாம். ஆப்பிரிக்கக் கடற்கரைத் தாய்க்கும் நம் கொல்லைப்புறப் பாட்டிக்கும் யார் ஒரே பாடத்தைக் கற்பித்தார்களோ!

அப்படியானால் ஒருவர் சொல்வது பொய்யா? அன்று. இவ்விருவரும் இரு வேறு காரியங்களைப் பற்றிப் பேசுகின்றனர். காலில் அமர்த்தும் முறையில் பாதி வேலை தாயுடையது. குழந்தையின் முகக்குறியைக் கண்டு, நேரம் அறிந்து, தூக்கிச் செல்பவள் அவளே. இரண்டரை வயதில் கைகூடுவதோ வேறு: உணர்ச்சியைத் தானே அறிந்து, நடந்து போய், உடையைத் தானே களைந்து, அமர்ந்து எழும் தற்சார்பு. இதைக் கால் முளைக்குமுன் எந்தப் பாட்டியாலும் கற்பிக்க இயலாது. பிலடெல்பியா நகரத்தார் 2003இல் வெளியிட்ட ஆய்விலும், 27 மாதத்துக்கு முன் தீவிரமாகப் பழக்கத் தொடங்கியவர்கள் விரைவில் முடித்துவிடவில்லை, நெடுநாள் முயன்றதே மிச்சம் என்று கண்டனர். ஆனால் முன்னதாகத் தொடங்கியதால் மலச்சிக்கல் முதலிய கேடு விளைந்ததாக அவர்கள் காணவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. வியட்நாமில் தாய்மார் சீழ்க்கை ஒலியால் பழக்கும் குழந்தைகள் இரண்டு வயதில் சிறுநீர்ப்பையை முற்றிலும் காலி செய்யக் கற்றிருந்தனர். ஒப்பிட்டுப் பார்த்த சுவீடன் நாட்டுக் குழந்தைகளுக்கு அதற்கு மூன்று வயதாயிற்று.

ஆகவே அந்தத் தாயிடம் நாம் சொன்னது இதுதான்: அத்தை சொல்கிறபடி செய்யுங்கள், ஆனால் அதட்டாமல் செய்யுங்கள். பிறந்த குழந்தை நாளொன்றுக்கு இருபது முறை வரையில் சிறுநீர் கழிக்கும். எல்லாவற்றையும் பிடித்துவிட எண்ணினால் தாய்க்கு வேறு வேலை ஓடாது. வயிறு நிறைந்ததும் குடல் அசைவது இயற்கையாதலால், பால் குடித்த சிறிது நேரத்திற்குப் பின்னும், தூங்கி எழுந்த உடனும் அமர்த்தினால் போதும். கழுத்து நிற்கும் வரை தலையைத் தாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டு மூன்று நிமிடத்தில் வராவிட்டால் தூக்கிவிட வேண்டும். இரவிலும் பயணத்திலும் டயப்பர் கட்டுவது பாவமன்று. நனைந்தவுடன் மாற்றினால் சரி.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சுட்டவேண்டும். பச்சைக் குழந்தையின் மலத்தில் தீங்கில்லை என்று பலர் கருதி, துணியைக் குழாயடியில் அலசுகிறார்கள். மலத்தைக் குப்பையில் வீசுகிறார்கள். பெரியவர்களின் மலத்தைப் போலவே அதிலும் நோய்க் கிருமிகள் உண்டு. அதைக் கழிப்பறையிலேயே சேர்த்துவிட்டுச் சோப்பிட்டுக் கைகழுவ வேண்டும்.

மாதம் ஒருமுறை விளக்கெண்ணெய் புகட்டிப் பேதியாக்குவதும், வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் செருகுவதும் நம் வீடுகளில் இன்னும் மறையவில்லை. இவை வேண்டா. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, முதல் மாதம் கழிந்தபின், நான்கைந்து நாள் மலம் கழிக்காமலே இருக்கக்கூடும். வயிறு மென்மையாக இருந்து, பால் நன்றாகக் குடித்து, கழிக்கும்போது மலம் இளகியிருந்தால் அது நோயன்று.

உண்மையான மலச்சிக்கல் பெரும்பாலும் பின்னரே வருகிறது. அதன் வேடமும் வேறு. நாம் அறிந்த குடும்பம் ஒன்றில் ஏழு வயதுப் பையன் ஒருவன் நாள்தோறும் பள்ளியில் கால்சட்டையைக் கறைப்படுத்திக்கொண்டு வந்தான். இரவில் பாயையும் நனைத்தான். தகப்பனார் பிரம்பெடுத்தார். வயிற்றுப்போக்கு என்றெண்ணித் தாயார் மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தார். வகுப்பில் அவனருகே யாரும் அமர மறுத்தனர். கடைசியில் ஒரு மருத்துவர் அவன் வயிற்றை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது போக்கு அன்று, இவன் குடல் நிறைந்து கிடக்கிறது" என்றார்.

நடந்தது இதுவே. மூன்று வயதில் ஒருமுறை இறுகிய மலம் வெளிப்பட்டபோது ஆசனவாய் கிழிந்து வலித்திருக்கிறது. அந்த அச்சத்தால் பிள்ளை அடக்கத் தொடங்கினான். அடக்க அடக்க மலம் மேலும் இறுகியது. மலக்குடல் விரிந்து, நிறைந்திருப்பதை உணர்த்தும் ஆற்றலையே இழந்தது. பின்னால் வந்த இளகிய மலம், கட்டியைச் சுற்றி அவனறியாமல் கசிந்தது. விரிந்த குடல் முன்னே உள்ள சிறுநீர்ப்பையை அழுத்தவே, படுக்கையும் நனைந்தது. மலச்சிக்கலே படுக்கை நனைவதற்குக் காரணமாகலாம் என்பதை 1980களிலேயே மாண்ட்ரியல் நகர மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர். பிரம்பு வாங்கிய குற்றம் எதையும் அச்சிறுவன் செய்யவில்லை.

மருத்துவர் முதலில் குடலைக் காலி செய்ய மருந்து கொடுத்தார். பின்பு மலத்தை இளக்கும் மருந்து பல மாதங்கள் தொடர்ந்தது. இரண்டு வாரத்தில் குணமாயிற்று என்று பெற்றோர் நிறுத்திவிட, மீண்டும் பழைய கதை, மீண்டும் முதலிலிருந்து. விரிந்த குடல் சுருங்கப் பொறுமை வேண்டும். மூன்று வேளை உணவுக்குப் பின்னும் ஐந்து நிமிடம் அமரச் செய்தார்கள். வீட்டில் இருந்தது மேல்நாட்டுக் கழிப்பறை. பையனின் கால்கள் அந்தரத்தில் தொங்கின. காலடியில் ஒரு முக்காலி போட்டதும் முழங்கால் உயர்ந்தது, முக்குவது எளிதாயிற்று. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் பாலும் பிஸ்கட்டுமாக இருந்த உணவு குறைந்து, கீரையும் கொய்யாவும் தண்ணீரும் வந்தன. ஓராண்டு ஆயிற்று. இப்போது அவன் பாயை மடித்துவைக்கும்போது யாரும் முகர்ந்து பார்ப்பதில்லை.

மலச்சிக்கல் இல்லாமலே படுக்கையை நனைக்கும் பிள்ளைகளும் உண்டு. ஐந்து வயதில் நூற்றுக்குப் பதினைந்து பேர் வரை அப்படித்தான். தாய் தந்தையரில் ஒருவருக்குச் சிறுவயதில் இருந்திருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. பிரம்பெடுக்கும் தகப்பனார் தம் தாயாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது நலம். ஆண்டுதோறும் பலருக்குத் தானே நின்றுவிடும். ஏழு வயதைத் தாண்டியும் நீடித்தால் மருத்துவம் உண்டு.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் சில. பிறந்து 48 மணி நேரமாகியும் முதல் மலம் கழியாமை. ஆண் குழந்தைக்குச் சிறுநீர் தாரையாக வராமல் சொட்டுச் சொட்டாக வடிதல். மலம் வெளிறிச் சுண்ணாம்பு போலிருத்தல். காரணம் தெரியாத காய்ச்சல். நெடுநாள் நனையாதிருந்த பிள்ளை திடீரென மீண்டும் நனைத்துக்கொண்டு, அடங்காத தாகமும் கொள்ளுதல். இவற்றுள் எதைக் கண்டாலும் அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வெளிறிய மலம் பித்தநாள அடைப்பின் குறியாக இருந்தால், பிறந்த இரண்டு மாதத்துக்குள் அறுவை செய்தால்தான் பலன் மிகுதி.

இன்னும் ஒன்று. நான்கு வயதுப் பிள்ளையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 150 மில்லிதான் கொள்ளும். பள்ளிக் கழிப்பறையின் நாற்றத்துக்கும் தாழ்ப்பாளற்ற கதவுக்கும் அஞ்சிப் பெண் குழந்தைகள் பலர் காலை முதல் மாலை வரை அடக்கிக்கொள்கிறார்கள். அதற்காகவே தண்ணீர் குடிப்பதையும் தவிர்க்கிறார்கள். சிறுநீர்த் தாரையில் அழற்சி வர இது வழி. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் மதிப்பெண் பற்றிக் கேட்குமுன், கழிப்பறைக்கு நேரில் சென்று, குழாயில் நீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள்.