இரு சமூகங்கள், இரு விகிதங்கள்: வேறுபாட்டை எப்போது நம்பலாம்?

ஓமந்தைச் சோதனைச்சாவடி 2015 இல் அகற்றப்பட்டது. ஆனால் அவ்வழியே ஏ-9 வீதியால் வன்னிக்குள் செல்லும் கணக்கெடுப்பாளர்களின் படிவங்கள் குறைந்தபாடில்லை. 2009 இல் போர் முடிந்த பின்னர் மீள்குடியேறியோர், வீடு பெற்றோர், பெறாதோர் என எண்கள் குவிந்தன. தமிழருக்கு இத்தனை வீதம், முஸ்லிம்களுக்கு இத்தனை வீதம் என்ற ஒப்பீடு வெளிவந்ததும் இரு தரப்பிலும் மனக்கசப்புத் தோன்றுகின்றது. அவ்வொப்பீட்டைச் சோதிக்கும் முறையைப் புள்ளிவிபரவியல் வகுத்துத் தந்துள்ளது.

விளக்கத்திற்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். எழுமாற்றாகத் தெரிவு செய்யப்பட்ட 100 தமிழ்க் குடும்பங்களில் 60 உம், 100 முஸ்லிம் குடும்பங்களில் 52 உம் நிரந்தர வீடு பெற்றுள்ளன. இடைவெளி 8 வீதம். பாகுபாடு நிகழ்ந்துள்ளது என்று கூறிவிடலாமா?

முதலில், இரு குடித்தொகைகளிலும் விகிதம் ஒன்றே எனக் கொள்ள வேண்டும். இதுவே சூனியக் கருதுகோள். இரண்டு மாதிரிகளையும் சேர்த்தால் 200 இல் 112, அதாவது 0.56. இதை 0.44 ஆல் பெருக்கி, இரு மாதிரிகளின் பருமனுக்கேற்ப 0.02 ஆலும் பெருக்கி, வர்க்கமூலம் கண்டால் நியம வழு 0.07 ஆகும். இடைவெளியான 0.08 ஐ இதனால் வகுக்க 1.14 வருகின்றது. 5 வீதப் பொருண்மை மட்டத்தில் எல்லை 1.96. எனவே சூனியக் கருதுகோளை நிராகரிக்க இயலாது. பாகுபாடே இல்லாவிடினும், நான்கு மாதிரிக் கணக்கெடுப்புகளில் ஏறத்தாழ ஒன்றில் இந்த அளவு அல்லது இதனினும் பெரிய இடைவெளி தற்செயலாகவே தோன்றும்.

அதே 60 உம் 52 உம் ஒவ்வொரு தரப்பிலும் 1,000 குடும்பங்களிடமிருந்து பெறப்பட்டிருந்தால் விடை 3.6 ஆகும். தற்செயல் என்று தட்டிக்கழிக்க முடியாது. அதிகாரிகள் பதில் கூறியே ஆக வேண்டும். மறுபுறம், சிறு மாதிரியில் வேறுபாடு நிறுவப்படவில்லை என்பது வேறுபாடு இல்லை என்பதற்குச் சான்றாகாது. இதை நம் அரசியல்வாதிகள் வசதியாக மறந்துவிடுகின்றனர்.

மாதிரியே இல்லாத இடத்தில் இச்சோதனைக்கு வேலையில்லை. 2005 ஜனாதிபதித் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களித்தோர் ஏறத்தாழ 1.2 வீதம், வன்னித் தேர்தல் மாவட்டத்தில் 34 வீதம். கிளிநொச்சித் தொகுதியில் பதிவானது ஒரேயொரு வாக்கு. இவை முழு எண்ணிக்கைகள். வேறுபாடு உண்டா என்ற ஐயமே எழவில்லை. அதற்குக் காரணமான புறக்கணிப்பையும் அச்சத்தையும் எந்தச் சூத்திரமும் சொல்லித் தராது.

சூத்திரத்தைக் காட்டிலும் முக்கியமானது மாதிரி எடுக்கப்பட்ட விதம். வீதியோரக் கிராமங்களை மட்டும் கேட்டுவிட்டு உட்கிராமங்களைத் தவிர்த்தால் 1,000 குடும்பங்களும் பயன்தரா. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் அடைக்கலம் புகுந்தனர். பலர் அங்கேயே வேரூன்றிவிட்டனர். வடக்கின் கிராமத்தில் இன்று வாழ்வோரை மாத்திரம் கேட்கும் கணக்கெடுப்பில், வீடு கிடைக்காமையால் திரும்ப முடியாதிருக்கும் குடும்பம் இடம்பெறுவதேயில்லை. 52 என்ற எண் திரும்பி வந்தவர்களைப் பற்றியது மட்டுமே.