"அது பொய்தானே?" - பிள்ளைகள் கேட்கும் சிக்கலான கேள்விகளை எப்படிக் கையாளலாம்?

குடும்பத்தோடு பஃபே சாப்பிடப் போகிறீர்கள். வாசலில் ஓர் அறிவிப்பு: 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணம் இல்லை. உங்கள் அக்கா மகனுக்குப் போன மாதம்தான் 6 வயது நிறைந்தது.

"யாராச்சும் கேட்டா அஞ்சுன்னு சொல்லுடா" என்கிறார் குடும்பத்தில் ஒருவர். எல்லாரும் சிரிக்கிறார்கள். பையன் மட்டும் சிரிக்கவில்லை. உங்கள் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகக் கேட்கிறான்: "அது பொய்தானே?"

என்ன சொல்வீர்கள்?

"சும்மா இரு" என்றால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். "இதெல்லாம் சின்ன விஷயம்" என்றால், பொய்யில் சின்னது பெரியது உண்டு என்று அவன் கற்றுக்கொள்வான். "ஆமா, பொய்தான்" என்றால் பெரியவர்கள் முறைப்பார்கள்.

நீங்கள் பெற்றோராக இருக்க வேண்டும் என்பதில்லை. அக்கா, அண்ணன், மாமா, சித்தி, டியூஷன் ஆசிரியர் என்று எந்த இடத்தில் இருந்தாலும் இப்படியொரு கேள்வி ஒருநாள் உங்களிடம் வரும்.

சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் புரியுமா?

நாம் நினைப்பதைவிட அதிகமாகவே புரியும்.

சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியல் அறிஞர் ஜான் பியாஜே, பிள்ளைகளின் நீதி உணர்வு பற்றி 1932இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக அவர் பிள்ளைகளிடம் இரண்டு கதைகள் சொன்னார். முதல் கதையில் ஒரு பையன் கதவைத் திறக்கிறான். பின்னால் இருந்த தட்டு விழுந்து 15 கோப்பைகள் உடைகின்றன. தட்டு அங்கே இருந்தது அவனுக்குத் தெரியாது. அடுத்த கதையில் இன்னொரு பையன் அம்மாவுக்குத் தெரியாமல் ஜாம் எடுக்கப் போகிறான். ஒரே ஒரு கோப்பை உடைகிறது. யார் செய்தது பெரிய தப்பு?

சிறிய பிள்ளைகளில் பலர், 15 கோப்பைகளை உடைத்தவன் என்றார்கள். சற்றுப் பெரிய பிள்ளைகள் நோக்கத்தைப் பார்த்தார்கள். கதையை எளிமையாகச் சொன்னால் இன்னும் சிறிய வயதிலேயே பிள்ளைகள் நோக்கத்தைக் கவனிக்கிறார்கள் என்று பிற்கால ஆய்வுகள் காட்டின.

இன்னொரு முக்கியமான விஷயம். விதிமுறைக்கும் நியாயத்துக்கும் வித்தியாசம் இருப்பது பாலர் பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிகிறது. அமெரிக்க உளவியல் அறிஞர் எலியட் டூரியல் இதை விரிவாக ஆராய்ந்தார். "டீச்சர் சரின்னு சொன்னா சிற்றுண்டி நேரத்துல எழுந்து நடக்கலாமா?" என்று கேட்டால், நடக்கலாம் என்பார்கள் பிள்ளைகள். "டீச்சர் சரின்னு சொன்னா அடுத்த பிள்ளையை அடிக்கலாமா?" என்றால், பெரும்பாலும் கூடாது என்பார்கள். ஏன்? "அவனுக்கு வலிக்கும்."

பயமுறுத்தினால் உண்மை வருமா?

"பொய் சொன்னா சாமி கண்ணைக் குத்தும்." நம்மில் பலர் இதைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான். அது உண்மையிலேயே வேலை செய்கிறதா?

கனடாவின் டொரான்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த காங் லீயும் சக ஆய்வாளர்களும் 3 முதல் 7 வயது வரையிலான பிள்ளைகளிடம் நடத்திய ஒரு சோதனையின் முடிவு 2014இல் வெளியானது. பிள்ளைக்குப் பின்னால் ஒரு பொம்மை வைக்கப்படும். "திரும்பிப் பார்க்காதே" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் வெளியே போவார். பல பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிடுவார்கள். பிறகு ஒரு கதை வாசிக்கப்படும். கடைசியில், "பார்த்தியா?" என்ற கேள்வி வரும்.

பொய் சொன்னதால் மூக்கு நீண்ட பினோக்கியோ கதையும், "ஓநாய் வருது" என்று ஏமாற்றிய பையனின் கதையும் பெரிதாகப் பலன் தரவில்லை. உண்மையை ஒப்புக்கொண்டதற்காகப் பாராட்டப்பட்ட சிறுவன் ஜார்ஜ் வாஷிங்டனின் கதையைக் கேட்ட பிள்ளைகளே கூடுதலாக உண்மை பேசினார்கள். அந்தக் கதையின் முடிவை மாற்றி, பொய் சொன்னதால் கெட்டது நடந்ததாகச் சொன்னபோது அந்தப் பலனும் போய்விட்டது.

வாஷிங்டன் செர்ரி மரத்தை வெட்டியதாகச் சொல்லப்படும் அந்தச் சம்பவமே ஒரு கட்டுக்கதை என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்களின் கருத்து. உண்மை பேசச் சொல்லித் தரும் கதையே உண்மையில்லை! பெரிய பிள்ளைகளிடம் விவாதிக்க இதுவே நல்ல தலைப்பு.

ஒரே சரியான விடை இல்லை என்றால்?

திருக்குறளின் 30ஆவது அதிகாரம் வாய்மை. அதன் இரண்டாவது குறளே, குற்றமில்லாத நன்மையைத் தருமானால் பொய்யும் உண்மையின் இடத்தைப் பெறும் என்கிறது. உண்மையைப் போற்றும் அதிகாரத்திலேயே இப்படியொரு விதிவிலக்கு!

அப்படியென்றால் பாட்டி செய்த கேக் பிடிக்காவிட்டாலும், "நல்லா இருக்கு பாட்டி" என்று சொல்லலாமா? பஃபேயில் காசு மிச்சமாவதும் "நன்மை"தானா? யாருக்கு நன்மை? பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். அவர்கள் போடும் எல்லைக்கோடு உங்களை ஆச்சரியப்படுத்தலாம்.

மனுநீதிச் சோழன் கதையும் அப்படித்தான். கன்றை இழந்த பசுவுக்கு நீதி வழங்கத் தன் மகனையே தேர்க்காலில் இட்ட மன்னன். "என்ன கற்றுக்கொண்டாய்?" என்று கேட்டால், "நீதி முக்கியம்" என்ற மனப்பாடப் பதில் வரும். "கன்று குறுக்கே ஓடி வந்தது விபத்துதானே? மகனுக்கு அது நியாயமா?" என்று கேளுங்கள். அப்போதுதான் பிள்ளை யோசிக்கத் தொடங்கும்.

நம் வீட்டுக்குள்ளேயே கேள்வி இருந்தால்?

சிங்கப்பூரில் பல வீடுகளில் இல்லப் பணிப்பெண் இருக்கிறார். ஒருநாள் பிள்ளை கேட்கலாம்: "அக்கா ஏன் நம்மகூட உக்காந்து சாப்பிடறதில்ல? அவங்களுக்கும் பிள்ளை இருக்கே, அதை யாரு பார்த்துக்கறாங்க?"

இதற்கு உங்கள் சட்ட அறிவு மட்டும் போதாது. 2013 முதல் பணிப்பெண்களுக்கு வாராந்தர ஓய்வு நாள் உண்டு. 2023 ஜனவரி 1 முதல், மாதத்தில் குறைந்தது ஒரு நாளாவது கட்டாயம் ஓய்வு தர வேண்டும். அந்த நாளுக்குப் பதில் கூடுதல் சம்பளம் தந்து ஈடுகட்ட முடியாது. சட்டம் சொல்வது குறைந்தபட்சம். எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது என்று எந்தச் சட்டமும் சொல்வதில்லை. அதை முடிவு செய்வது நாம்தான்.

"நல்ல கேள்வி. நாங்க அதைப் பத்தி யோசிச்சதே இல்ல" என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் ஒன்றுமில்லை. பேசிய பிறகு வீட்டில் ஏதாவது மாறினால், நியாயம் என்பது பேச்சோடு முடிவதில்லை என்று பிள்ளைக்குப் புரியும்.

எப்படிப் பேசத் தொடங்கலாம்?

பிள்ளைகளோடு தத்துவம் பேசுவதை ஒரு கல்வி முறையாகவே வளர்த்தவர் அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் மேத்யூ லிப்மன். அதற்காக 1974இல் நியூ ஜெர்சியில் ஒரு கழகத்தையும் தொடங்கினார். அவரது முறையில், பிள்ளைகள் ஒரு கதையை வாசித்துவிட்டு அவர்களே கேள்வி எழுப்புவார்கள். ஆசிரியர் விடை சொல்லமாட்டார், காரணம் கேட்பார். வீட்டிலும் அதைச் செய்யலாம்:

- முதலில் கேளுங்கள்: "நீ என்ன நினைக்கிற? ஏன்?"

- இடத்தை மாற்றிப் பாருங்கள்: "நீ அந்தக் கடைக்காரரா இருந்தா?"

- கதையைக் கொஞ்சம் மாற்றுங்கள்: "கீழே கிடந்தது 2 வெள்ளியா இல்லாம, 200 வெள்ளியா இருந்தா?"

- கருத்தை மாற்றிக்கொள்ள விடுங்கள். "முன்னாடி வேற மாதிரி சொன்னியே!" என்று கேலி செய்ய வேண்டாம்.

- தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள்.

இரு மொழியிலும் பேசலாம். தமிழில் தப்பு, குற்றம், பாவம் மூன்றும் ஒன்றல்ல. "சட்டப்படி குற்றம் இல்ல, ஆனா தப்பு" என்ற ஒரு வரியை வைத்தே அரை மணி நேரம் பேச முடியும்.

எல்லாமே விவாதத்துக்கு உரியதா?

இல்லை. ஒருவரை இனத்தையோ நிறத்தையோ வைத்துக் கேலி செய்யலாமா என்பதற்கு இரு தரப்பு கிடையாது. பிள்ளையின் பாதுகாப்பும் அப்படித்தான். யாராவது தொட்டுவிட்டு, "இது நம்ம ரகசியம், யாருகிட்டயும் சொல்லாதே" என்றால், அந்த ரகசியத்தைக் காக்க வேண்டியதில்லை. அதைத் தயங்காமல், தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா?

6 வயதில் பஃபே பற்றிக் கேட்டவன் 14 வயதில் வேறு கேள்வியோடு வரலாம். "என் கூட்டாளி பையில மின்சிகரெட் பார்த்தேன். நான் சொன்னா துரோகமா? சொல்லலன்னா?" சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி முதல் அதை வைத்திருப்பதே குற்றம். சொல்வதா வேண்டாமா என்று அவன் தவிக்கும்போது யாரிடம் வருவான்? முதல் கேள்வியின்போது காதுகொடுத்துக் கேட்டவரிடம்தான்.

இப்போது பஃபே வாசலுக்குத் திரும்புவோம். நீங்கள் குனிந்து அவன் காதில் சொல்லலாம்: "ஆமா, பொய்தான். ஏன் அப்படிச் சொன்னாங்கன்னு அப்புறம் பேசலாம். யாராச்சும் கேட்டா, ஆறுன்னே சொல்லு."

கட்டணம் கொஞ்சம் கூடும். மேசையில் ஒருவர் சற்று நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளலாம். வீடு திரும்பும் வழியில், எம்ஆர்டியில், அவன் மறுபடியும் கேட்பான்: "அப்போ ஏன் அப்படிச் சொன்னாங்க?"

கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.