வன்தட்டும் அதன் வாழ்நாளும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, இலக்கியப் பொருள் ஒன்றை எழுதவே யாம் எண்ணியிருந்தோம். ஆயினும் பழைய மாணவர் சங்கக் கூட்டம் ஒன்றில் எழுந்த வினா எம்மை வேறு வழியில் ஈர்த்துச் சென்றது. எமது கல்லூரியின் பழைய சேர்வு இடாப்புக்கள், சஞ்சிகைகள், நிழற்படங்கள் ஆகியவற்றைக் கணினியில் வருடிச் சேமித்து வைப்பதென்று சங்கம் தீர்மானித்துளது. அதற்கு வேண்டிய வன்தட்டு வாங்குதற்குக் கடல் கடந்து வாழும் பழைய மாணவர்கள் பணமும் உவந்தளித்துள்ளனர். எந்த நிறுவனத்தின் வன்தட்டை வாங்குவது என்பதே வினா. ஒருவர் ஒரு பெயரைச் சொல்லி முடிக்குமுன், "அதை மட்டும் வாங்கிப் போடாதேங்கோ, எனக்கு ஆறு மாசத்திலை பழுதாப் போச்சுது" என்று மற்றொருவர் மறுத்தார். வேறொருவரோ அதே பெயருடையது தம்மிடம் எட்டு ஆண்டாக இயங்குகின்றது என்றார். கூட்டம் முடிவின்றிக் கலைந்தது.

யாம் தமிழாசிரியர், பொறியியல் எமது துறை அன்று. ஆயினும் இவ்வினா எமக்குப் புறம்பானதன்று. சில ஆண்டுகளுக்கு முன்னர், மாணவர் மன்றத்தினர் முற்காலத்தில் நடத்திய கையெழுத்துச் சஞ்சிகைத் தொகுதி ஒன்றைப் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, ஒரு வன்தட்டில் இட்டு, இரும்பு அலுமாரியில் வைத்துப் பூட்டினோம். அடுத்த மாரியில் ஓடு ஒழுகி மூலத்தொகுதி நனைந்து, மை கரைந்து, தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. "படம் இருக்கின்றது" என்று ஆறுதலடைந்து அலுமாரியைத் திறந்தோம். கணினியோடு இணைத்த வன்தட்டு 'டிக், டிக்' என்று ஒலித்ததேயன்றித் திறக்கவில்லை. மாணவனொருவன் முன்னர்ப் பிரதி செய்து கொண்டுபோயிருந்த பதினொரு பக்கங்களே இன்று எஞ்சியுள்ளன. அன்று யாமும் அந்த நிறுவனத்தின் பெயரைச் சொல்லி நொந்துகொண்டோம். அந்நோவு முற்றும் நியாயமானதன்று என்பதைப் பின்னரே உணர்ந்தோம்.

முதற்கண் வன்தட்டு என்பது யாது எனக் காண்போம். 1956 ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட முதல் வன்தட்டுப் பொறி, 24 அங்குல விட்டமுடைய ஐம்பது தட்டுக்களைக் கொண்டு, ஏறத்தாழ ஐம்பது இலட்சம் எழுத்துக்களை மட்டுமே தாங்கியது. இன்று உள்ளங்கையில் அடங்கும் பெட்டி அதனினும் பல இலட்சம் மடங்கு தாங்குகின்றது. எனினும் அடிப்படை மாறவில்லை. காந்தப்பூச்சுப் பூசப்பெற்ற அலுமினியத் தட்டோ கண்ணாடித் தட்டோ நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். அதன் மேல் ஒரு சிறு தலை சில நானோமீற்றர் உயரத்திற் பறந்து எழுதும், படிக்கும். மனிதத் தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நானோமீற்றர் என்றால் அவ்விடைவெளியின் நுண்மை விளங்கும். தலை தட்டிற் படின் காந்தப்பூச்சுக் கீறுண்ணும். அங்கே எழுதியிருந்தது அழியும். அன்றியும், சுழற்றும் மோட்டார் தேயலாம். மின்சுற்றுப் பலகை பழுதுறலாம். ஆகவே வன்தட்டு, ஓலையும் தாளும் போல வாளா கிடக்கும் பொருளன்று. தேய்ந்து ஓய்வுறும் இயந்திரமாகும்.

இவ்வியந்திரத்தின் உறுதியை எவ்வாறு அளப்பது? தயாரிப்பாளர் தரும் ஏடுகளில், 'சராசரி பழுதுறு காலம் பத்து இலட்சம் மணித்தியாலம்' என்பது போன்ற குறிப்புக்களைக் காணலாம். பத்து இலட்சம் மணித்தியாலம் என்பது 114 ஆண்டு. ஒரு தட்டு 114 ஆண்டு வாழும் என்பது இதன் பொருளன்று. பல தட்டுக்களை ஒருங்கு ஓடவிட்டால் ஆண்டொன்றில் நூற்றுக்கு ஒன்றினும் சற்றுக் குறைவாகவே பழுதுறும் என்பதே இதன் பொருள். அமெரிக்காவிலுள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஏறத்தாழ ஓரிலட்சம் தட்டுக்களின் வரலாற்றை ஆராய்ந்து 2007 இல் வெளியிட்ட கட்டுரையில், மெய்யாகவே மாற்றப்பட்டவை ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு வரையாதல் பொதுவெனவும், சிலவிடங்களிற் பதின்மூன்று வரை உயர்ந்ததெனவும் காட்டினர். ஆதலின் விற்போர் சொல்லும் எண்ணினும், பயன்படுத்துவோர் கண்ட எண்ணே கொள்ளத்தக்கது.

அத்தகைய எண்ணை நிறுவனப் பெயரோடு வெளிப்படையாகத் தருவோர் மிகச் சிலர். கலிபோர்ணியாவிலுள்ள பாக்பிளேஸ் என்னும் சேமிப்பு நிறுவனம் 2013 முதல் தன் தட்டுக்களின் பழுதுக்கணக்கை வெளியிட்டு வருகின்றது. அந்நிறுவனம் கைக்கொள்ளும் முறை எளிது. ஒரு தட்டு ஒரு நாள் ஓடினால் அது ஒரு 'தட்டு-நாள்'. எல்லாத் தட்டு-நாள்களையும் கூட்டி 365 ஆல் வகுத்தால் தட்டு-ஆண்டு கிடைக்கும். பழுதுற்றவற்றின் தொகையைத் தட்டு-ஆண்டால் வகுத்து நூறால் பெருக்க, ஆண்டுப் பழுதுவீதம் பெறப்படும். நூறு தட்டு ஓராண்டு முழுவதும் ஓடி இரண்டு பழுதுற்றால் வீதம் நூற்றுக்கு இரண்டு. ஆனாற் பத்துத் தட்டுக்கள் முப்பத்தாறரை நாள் மட்டும் ஓடி ஒன்று பழுதுற்றால் வீதம் நூற்றுக்கு நூறாகிவிடும்! சிறு தொகையைக் கொண்டு பெரு முடிவு கூறலாகாது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று. கூட்டத்தில் வழக்காடிய அன்பர் இருவரும், அலுமாரி முன் நொந்து நின்ற யாமும், ஒவ்வொரு தட்டைக் கொண்டே தீர்ப்பு வழங்கினோம். ஒரு மாணவனின் புள்ளியைக் கொண்டு பாடசாலை முழுவதையும் மதிப்பிடுதல் போன்றது அது.

இனி நிறுவனங்களின் ஒப்பீட்டுக்கு வருவோம். 2014 தொடக்கத்தில் அந்நிறுவனம் 27,000 க்கு மேற்பட்ட தட்டுக்களின் கணக்கை வெளியிட்டபோது ஹிட்டாச்சி முதலிடத்திலும், வெஸ்டேர்ண் டிஜிட்டல் அடுத்தும், சீகேட் அதற்கடுத்தும் நின்றன. இதனைக் கண்டு பலர், சீகேட்டின் தட்டு எதுவும் ஆகாது என முடிவுகட்டினர். ஆனாற் கணக்கை ஊன்றிப் படித்தோர் கண்டது வேறு. அப்பெயரின் குறித்த ஒரு மூன்று ரெராபைற் வகையே மிகுதியாகப் பழுதுற்றது. ஒரு காலத்தில் அதன் ஆண்டு வீதம் நூற்றுக்கு இருபத்தைந்தையும் கடந்தது. அதே நிறுவனத்தின் நான்கு ரெராபைற் வகையோ நூற்றுக்கு மூன்றளவில் நின்றது. மேலும், 2011 இல் தாய்லாந்தில் ஏற்பட்ட பெருவெள்ளத்தால் உலகெங்கும் தட்டுத் தட்டுப்பாடு உண்டாயிற்று. அவ்வேளையிற் கடைகளில் விற்ற வெளிப்பெட்டித் தட்டுக்களை வாங்கி, உறை நீக்கி, அந்நிறுவனம் பயன்படுத்தியமையும் கருதத்தக்கது.

ஒரே இல்லத்தில் நல்லதும் தீயதும் பிறத்தலுக்கு இன்னுமோர் எடுத்துக்காட்டு உளது. 2000 ஆம் ஆண்டளவில் ஐ.பி.எம். நிறுவனத்தின் தட்டு வகையொன்று பழுதுக்குப் பேர்போனதாகி, 2001 இல் அமெரிக்க நீதிமன்றில் வழக்கும் எழுந்தது. அந்நிறுவனத்தின் தட்டுப் பிரிவை 2003 இல் ஹிட்டாச்சி ஏற்றது. பத்தாண்டு கழித்து முதலிடம் பெற்றது அதே பிரிவின் வழிவந்த தட்டே. அதனைப் பின்னர் 2012 இல் வெஸ்டேர்ண் டிஜிட்டல் வாங்கியது. சாம்சுங்கின் தட்டுப் பிரிவு 2011 இற் சீகேட்டிடம் சென்றது. ஒரு காலத்தில் இருநூறுக்கு மேற்பட்டோர் செய்த தொழிலில் இன்று எஞ்சியிருப்போர் சீகேட், வெஸ்டேர்ண் டிஜிட்டல், தோஷிபா என்னும் மூவரே. பெயரைப் பார்த்து வாங்குவோர், அப்பெயரின் பின்னால் நிற்கும் தொழிற்சாலை மாறியிருத்தலை அறியார். ஆதலின் 'எந்நிறுவனம்?' என்பதினும் 'எவ்வகை?' என்பதே பொருத்தமான வினாவாகும்.

பாக்பிளேஸின் மொத்த ஆண்டு வீதம் 2021 இல் நூற்றுக்கு 1.01, 2022 இல் 1.37, 2023 இல் 1.70, 2024 இல் 1.57 என அமைந்தது. ஆகவே இன்று மூவர் செய்யும் தட்டுக்களும் பெரும்பாலும் நம்பத்தக்கனவே. ஆனால் வயது என்னும் பகையுண்டு. 2013 ஆம் ஆண்டுக் கணக்கின்படி, முதல் ஒன்றரை ஆண்டில் ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்தளவு பழுதுற்றன. அடுத்த ஒன்றரை ஆண்டில் அது ஒன்றரைக்குக் குறைந்தது. மூன்றாண்டு கடந்ததும் ஏறத்தாழப் பன்னிரண்டாக உயர்ந்தது. நான்காண்டு முடிவில் நூற்றுக்கு எண்பது எஞ்சின. அன்றியும், பழுது முன்னறிவித்து வரும் என்று நம்பியிருத்தலும் தகாது. ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுக்களை ஆராய்ந்து கூகிள் நிறுவனத்தார் 2007 இல் எழுதிய கட்டுரையில், பழுதுற்றவற்றுள் அரைவாசிக்கு மேற்பட்டவை முதன்மையான எச்சரிக்கைக் குறிகளுள் ஒன்றையேனும் காட்டவில்லை என்று கண்டனர்.

இக்கணக்குக்கள் யாவும் குளிரூட்டிய அறையில், இடையறா மின்சாரத்தில் ஓடிய தட்டுக்களின் கணக்கு என்பதை மறத்தலாகாது. எமது தீவகமோ உப்புக்காற்று உலாவும் மண். பெரும்பாலான தட்டுப்பெட்டிகளில் வடிகட்டியோடு கூடிய சிறு துளையொன்று உண்டு. அதன்வழிக் காற்று உட்புகும். ஈரமும் உப்பும் வெளியேயுள்ள மின்சுற்றுப் பலகையின் இணைப்புக்களை அரிக்கவல்லன. ஹீலியம் வாயு நிரப்பி முற்றாக அடைத்த தட்டுக்கள் 2013 முதல் வெளிவருகின்றன. அவை பெருங்கொள்ளளவு உடையன, விலையும் மிக்கன. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நாட்டின் பெருமின்வலையோடு இணையாது தீவிலேயே மின்பிறப்பித்து வந்தவை. மின்சாரம் திடீரென நிற்பதும் மீள்வதும் எழுதிக்கொண்டிருக்கும் தட்டுக்கு ஊறு செய்யும். குறிகட்டுவானிலிருந்து படகிற் கொண்டுபோகும் தட்டு, ஓய்ந்திருக்கும்போது அதிர்வை ஓரளவு தாங்கும், ஓடிக்கொண்டிருக்கும்போது தாங்காது.

இனி யாம் கண்ட முடிவைக் கூறுவோம். ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு பழுதுறும் தட்டுக்குப் பதிலாக, நூற்றுக்கு ஒன்று பழுதுறும் தட்டைத் தேர்ந்தெடுத்தால் இழப்பின் வாய்ப்புப் பாதியாகக் குறையும். அது நன்றே. ஆனால் அவ்விரண்டு வீதத் தட்டையே இன்னொன்று வாங்கி மறுபிரதி வைத்தால், இரண்டும் ஒரே ஆண்டிற் பழுதுறும் வாய்ப்பு இரண்டாயிரத்தைந்நூற்றில் ஒன்றாகின்றது. அஃதாவது, சிறந்த பெயரைத் தேடுவதால் இருமடங்கு காப்பு. இன்னொரு பிரதியால் ஐம்பது மடங்கு காப்பு. இக்கணக்கு மெய்யாதற்கு ஒரு நிபந்தனை உண்டு. ஒன்றைக் கெடுத்தது மற்றதையும் கெடுத்தலாகாது. ஒரே தொழிற்சாலையில், ஒரே தொகுதியிற் செய்த இரு தட்டுக்கள் ஒரே குறையோடு பிறந்திருக்கலாம். ஒரே அலுமாரியில் வைத்த இரண்டும் ஒரே மழையில் நனையலாம். நிறுவனங்களை ஒப்பிட்டு அறிதலின் மெய்ப்பயன் இங்கேதான் உளது: ஒருவரைத் தேர்ந்து மற்றவரைத் தள்ளுதற்கன்று, இருவரிடம் இரண்டு வாங்கி, இரண்டிடத்தில் வைத்தற்கு.

இவ்வுண்மை எமக்குப் புதியதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887 இற் கலித்தொகையை அச்சேற்ற முடிந்தது, பல ஊர்களில் ஏடுகள் பெயர்த்தெழுதப்பட்டுக் கிடந்தமையாலன்றோ? ஓலை உறுதியானது என்பதால் அன்று. ஓலை மடியுமுன் அதனைப் பெயர்த்தெழுதினார் என்பதாலேயே நூல்கள் வாழ்ந்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பராயின. வேறிடத்திற் பிரதியுள்ளவை மீண்டன. ஒற்றைப் பிரதிகள் மீளவில்லை. 1990 களின் இடப்பெயர்வுகளில் எமது தீவகத்து வீடுகளும் பாடசாலைகளும் இழந்த தாள்களுக்கும் இதுவே கதி.

ஆகவே சங்கத்தார்க்கு எமது விண்ணப்பம் இது. இரு வேறு நிறுவனத்தின் தட்டுக்களை வாங்குக. ஒன்று கல்லூரியில், ஈரமுறிஞ்சும் பொதியோடு காற்றுப்புகாப் பெட்டியில் இருக்கட்டும். மற்றது யாழ் நகரிலோ கொழும்பிலோ ஒரு பழைய மாணவரிடம் இருக்கட்டும். மூன்றாம் பிரதியை, 2005 இல் தொடங்கப்பெற்று ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எவரும் படிக்க இலவசமாக வழங்கிவரும் 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகத்துக்கு அளிக்குக. சேர்வு இடாப்புப் போன்ற தனியார் விபரங்களைப் பொதுவில் வையாது, றொறன்ரோவிலோ இலண்டனிலோ உள்ள சங்கக் கிளையிடம் ஒப்படைக்குக. ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுத்தட்டிற் பெயர்த்தெழுதுக. பேனைத் தட்டை நீண்டகாலக் காப்பாகக் கொள்ளற்க. அதுவும் மின்னின்றிக் கிடப்பின் காலப்போக்கில் மறக்கும்.

இறுதியாக ஒன்று. திறந்து பாராத பிரதி, பிரதியன்று; அலுமாரி முன் யாம் கற்ற பாடம் அதுவே. சரசுவதி பூசைக்கு ஏடுகளை அடுக்கி, விசயதசமியன்று எடுத்துப் படித்தல் எமது கல்லூரியின் வழக்கம். இனி அவ்வேடுகளோடு வன்தட்டையும் வைப்போம். விசயதசமியன்று மாணவனொருவன் அதனைக் கணினியோடு இணைத்து, கோப்புக்களைத் திறந்து, மறுபிரதியோடு ஒப்புநோக்கி, இடாப்பிற் கையெழுத்திடட்டும். எஞ்சிய அப்பதினொரு பக்கங்களையும் முதற் கோப்பாக இடுமாறு வேண்டி அமைகின்றோம்.