ஊசி குத்தினால் கை வீக்கம் வடியுமா?

மார்பகப் புற்றுநோய்க்கான சிகிச்சை எல்லாம் முடிந்து வீடு திரும்பிய பெண்ணுக்குச் சில மாதங்கள் கழித்து, சிலருக்குச் சில ஆண்டுகள் கழித்து, ஒரு பக்கக் கை மட்டும் கனக்கத் தொடங்கும். வளையல் ஏறாது. ரவிக்கையின் ஒரு கை மட்டும் இறுகும். விரலால் அழுத்தினால் குழி விழும்; அது மேடேற நேரமாகும்.

ரத்தக் குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் கசியும் நீரைத் திரும்ப ரத்தத்தில் கொண்டு சேர்ப்பவை நிணநீர்க் குழாய்கள். கையிலிருந்து வரும் நிணநீர் பெரும்பாலும் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளைத் தாண்டித்தான் போக வேண்டும். புற்று பரவிய முடிச்சுகளை அறுத்தெடுக்கும்போதும், அந்த இடத்தில் கதிர்வீச்சு கொடுக்கும்போதும் இந்த வழி அடைபடுகிறது. நீரோடு புரதமும் தேங்குவதால் நாளடைவில் கொழுப்பும் நாரும் சேர்ந்து கை கெட்டிப்பட்டுப் போகும். யானைக்கால் நோயில் புழு செய்யும் வேலையை, இங்கே உயிர் காக்கும் சிகிச்சையே செய்துவிடுகிறது. அக்குள் முடிச்சுகளை மொத்தமாக எடுத்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. புற்று முதலில் போய்ச் சேரும் ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறையில் இது 100க்கு ஐந்தாறு பேராகக் குறைகிறது.

வீக்கத்தை அடியோடு போக்கும் மாத்திரை எதுவும் இல்லை. அதனால்தான் உடலில் மெல்லிய ஊசி குத்தும் அக்குபங்சர் மீது ஆசை பிறந்தது. நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில் பேரி காசிலெத் குழுவினர் 33 பெண்களுக்கு வாரம் இருமுறை என நான்கு வாரம் ஊசி போட்டுப் பார்த்தார்கள். வீங்கிய கையில் ஊசி படவே கூடாது, கிருமி புகுந்துவிடும் என்று பெண்களை எச்சரித்துவந்த காலம் அது. ஆனால் யாருக்கும் பெரிய தீங்கு நேரவில்லை. இரு கைகளின் சுற்றளவுக்கு இடையிலிருந்த வித்தியாசம் சராசரியாக 0.9 சென்டிமீட்டர் குறைந்தது. 11 பேருக்கு அந்த வித்தியாசத்தில் 30 சதவீதமோ அதற்கு மேலோ வடிந்தது. முடிவு 2013இல் வெளியானதும் நம்பிக்கை பரவியது.

ஆனால் அந்த ஆய்வில் ஒப்பிட்டுப் பார்க்க ஊசி போடாத குழு ஒன்று இல்லை. கை வீக்கம் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் இயல்புடையது. வெயில், வேலை, தூக்கம் எல்லாமே அளவு நாடாவில் தெரியும். தானாக வடிந்தது எவ்வளவு, ஊசியால் வடிந்தது எவ்வளவு?

இந்தக் கேள்விக்கு அதே மையமே விடை தேடியது. டிங் பாவ் தலைமையில் 82 பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு வாரம் அக்குபங்சர் கொடுத்தார்கள். மற்றக் குழுவைக் காத்திருக்க வைத்தார்கள். 2018இல் வெளியான முடிவின்படி, ஊசி போட்டவர்களில் 17 சதவீதம் பேருக்கு 30 சதவீத அளவுக்கு வீக்கம் குறைந்திருந்தது. ஊசியே போடாதவர்களிலும் 11 சதவீதம் பேருக்குக் குறைந்திருந்தது! இந்த இடைவெளி தற்செயலாகவே வந்திருக்கக்கூடியது. தாங்கள் கிளப்பிய நம்பிக்கையைத் தாங்களே சோதித்து, பலன் தெரியவில்லை என்று அச்சில் சொன்ன அந்த மையத்தை மனதார மதிக்கிறேன்.

அக்குபங்சரே வீண் என்று இதற்குப் பொருள் அல்ல. மார்பகப் புற்றுக்கான ஹார்மோன் தடுப்பு மாத்திரைகளால் வரும் மூட்டுவலியை அது ஓரளவு தணிப்பதாக, 226 பெண்களிடம் நடந்த இன்னொரு அமெரிக்க ஆய்வு அதே 2018இல் காட்டியது. வலி வேறு, அடைபட்ட வடிகால் வேறு.

வீக்கத்துக்கு இன்று கைகொடுப்பவை பொறுமை கேட்கும் எளிய வழிகள்தான்: நிணநீரை மெல்லத் தள்ளிவிடும் பயிற்சி பெற்ற கையின் நீவல், அடுக்கடுக்கான இறுக்கக் கட்டு, அளவெடுத்துப் போடும் அழுத்த உறை, தோல் பராமரிப்பு, உடற்பயிற்சி. இந்தக் கட்டையும் உறையையும் விட்டுவிட்டு ஊசியை மட்டும் நம்பிப் போகும் பெண்ணுக்கு, கை கெட்டிப்படுவதற்கு முந்தைய நல்ல மாதங்கள் வீணாகின்றன. கை திடீரெனச் சிவந்து காய்ச்சலும் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அது கிருமித் தொற்றாக இருக்கலாம்.

வீங்கிய கைக்கு உடற்பயிற்சியா என்று அஞ்சி, அந்தக் கையால் குடத்தைத் தூக்காதே, குழந்தையைத் தூக்காதே என்று சொல்லிச் சொல்லியே பல பெண்களை வீட்டில் முடக்கி வைத்திருக்கிறோம். பென்சில்வேனியாவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர் இந்த வீக்கம் உள்ள 141 பெண்களில் பாதிப் பேருக்கு, அழுத்த உறை அணிவித்து, பயிற்சியாளர் துணையோடு எடையைச் சிறிது சிறிதாகக் கூட்டித் தூக்கப் பழக்கினார்கள். 2009இல் வந்த முடிவில், மற்றப் பாதிப் பேரைவிட அவர்களுக்கு வீக்கம் அதிகமாகக் கூடவில்லை. நோய் திடீரென முற்றியது 14 சதவீதம் பேருக்குத்தான்; எடை தூக்காதவர்களில் அது 29 சதவீதம். கையில் பலமும் ஏறியிருந்தது.