56 பேர் கோதாவில் ஒரு கேரளத்துக்காரர்

(நமது பழவங்காடி நிருபர்)

பழவங்காடி என்றதும் வெளியூர்க்காரருக்கும் நினைவுக்கு வருவது கணபதி கோயிலும், அங்கே ஓயாமல் உடைபடும் தேங்காயுந்தான். அது ஆதியில் போர்வீரர்களின் பிள்ளையார் என்பது நம்மவரில் பலருக்கு மறந்து போன விஷயம். பத்மநாபபுரத்தில் நாயர் படையினர் வழிபட்டு வந்த விக்கிரகம், திருவிதாங்கூர்ப் படை திருவனந்தபுரத்துக்கு மாறியபோது கூடவே வந்தது. இன்றைக்கும் கோயிலைப் பராமரித்து வருவது ராணுவத்தின் மதராஸ் ரெஜிமெண்ட்தான். கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில், கிழக்கேகோட்டையில், 1956 முதல் சி.வி.என். களரி நடந்து வருகிறது. ஆக, சண்டை என்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல.

புதிதாக வந்திருப்பது கம்ப்யூட்டர் சண்டை. அதிலும் கேரளத்துக்காரர் ஒருவர் கலந்து கொள்கிறார் என்றால் வாசகர்கள் வியப்படையலாம். அவரை முன்னிட்டுத்தான் இந்த விமர்சனம்.

விளையாட்டின் பெயர் கொஞ்சம் நீளம்: 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் ஃபைட்டிங் கலெக்‌ஷன்: ஆர்கேட் கிளாசிக்ஸ்'. ஜப்பானில் ஒசாகா நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கேப்காம் நிறுவனம் 2024 செப்டம்பர் 12-ந் தேதி வெளியிட்டது. அமெரிக்க மார்வெல் சித்திரக்கதை வீரர்களும், கேப்காமின் சொந்த விளையாட்டு வீரர்களும் ஒரே கோதாவில் மோதுகிறார்கள். நமது பக்கத்து உதாரணம் சொல்வதென்றால், இரும்புக்கை மாயாவிக்கும் மந்திரவாதி மாண்ட்ரேக்குக்கும் ஒரே புத்தகத்தில் சண்டை வைத்தது போல. சித்திரக்கதை படித்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஆசையை விளக்கத் தேவையில்லை. மாயாவி ஜெயிப்பாரா, மாண்ட்ரேக் ஜெயிப்பாரா என்று பள்ளிக்கூடத்துத் திண்ணையில் வாதாடாதவர் உண்டா?

ஒரே கட்டில் ஏழு விளையாட்டுகள். எல்லாம் ஒரு காலத்தில் காசு போட்டு விளையாடும் பெட்டிகளில் வந்தவை. முதலாவது 1993-ல் வந்த 'பனிஷர்'. இதில் இருவர் எதிரெதிராக மோதுவதில்லை. இருவரும் ஒரே கட்சியாகத் தெருவில் நடந்து வருகிற ரவுடிகளை எல்லாம் அடித்துக் கொண்டே போக வேண்டும். 1994-ல் எக்ஸ்-மென் வீரர்கள் மட்டும் மோதிய விளையாட்டும், 1995-ல் 'மார்வெல் சூப்பர் ஹீரோஸ்' விளையாட்டும் வந்தன. இரண்டு கட்சிகளும் கலந்தது 1996-ல், 'எக்ஸ்-மென் வெர்சஸ் ஸ்ட்ரீட் ஃபைட்டர்' விளையாட்டில்தான். பிறகு 1997, 1998 ஆண்டுகளில் ஒவ்வொன்று. கடைசியாக 2000-ல் 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2'. இவ்வளவும் போதாதென்று 200-க்கு மேற்பட்ட இசைத் துண்டுகளையும், 500-க்கு மேற்பட்ட ஓவியங்களையும், வரைவுகளையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவர் பெட்டி போல, மூடி மேல் உட்கார்ந்துதான் பூட்ட வேண்டும்!

நமது கேரளத்துக்காரரின் பெயர் தால்சிம். மொட்டைத்தலை, முகத்தில் வர்ணக் கோடுகள், கிழிந்த மஞ்சள் அரைக்கால் சட்டை, கழுத்தில் மூன்று மண்டையோடுகள் கோத்த மாலை. 1991-ல் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' விளையாட்டில் முதன்முதலாக வந்தார். இவரது சொந்த ஊர் கேரளம் என்றே கதைக் குறிப்பில் கண்டிருக்கிறது. கொள்ளை நோயில் மாண்ட கிராமத்துக் குழந்தைகளின் மண்டையோடுகளையே அவர் கழுத்தில் அணிந்திருக்கிறாராம். சண்டையில் விருப்பமில்லாதவர், ஏழைப்பட்ட தம் கிராமத்துக்குப் பணம் சேர்க்கவே கோதாவில் இறங்குகிறார். கையும் காலும் ரப்பர் போல் நீளும். வாயிலிருந்து நெருப்பு வரும். நின்ற இடத்திலிருந்து மறைந்து வேறு இடத்தில் தோன்றுவார். அவர் மோதும் மேடையின் இருபுறமும் யானைகள் நின்று பிளிறும்.

கோடைக்கும் மழைக்கும் குடை பிடித்துக் கொண்டு சாலை பஜாரில் காய்கறி வாங்குகிற நமக்கு, இவர் எந்தத் தாலுகாவைச் சேர்ந்தவர் என்று சந்தேகம் வருவது இயற்கை. ஜப்பானியர்கள் யோகாசனம், சாமியார், யானை, மகாராஜா அரண்மனை எல்லாவற்றையும் ஒரே கரண்டியில் அள்ளியிருக்கிறார்கள். கேரளத்துக்கு உரிய சண்டைக் கலையை மட்டும் விட்டு விட்டார்கள்.

அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்பதைக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். களரியின் தளம் தரைமட்டத்துக்குக் கீழே, 42 அடி நீளமும் 21 அடி அகலமுமாக வெட்டப்படுவது மரபு. தென்மேற்கு மூலையில் ஏழு படி கொண்ட பூத்தறை. முதலில் மெய்ப்பயிற்று, பிறகு கோல், அதன்பின் இரும்பு ஆயுதம், கடைசியாக வெறுங்கை. யானை, சிங்கம், குதிரை, மயில் என்று மிருகங்களின் நிலைகளை உடம்பில் கொண்டு வருவார்கள். உடம்பு முழுவதும் கண்ணாக வேண்டும் என்பது களரிக்காரர் சொல். தென் பகுதிக்கு வந்தால் நமது குமரி மாவட்டத்து அடிமுறை. வர்மம் தெரிந்த ஆசான்களைப் பற்றி நாஞ்சில் நாட்டு வீடுகளில் கதை கதையாகச் சொல்வார்கள். 2020-ல் வந்த 'பட்டாஸ்' படத்தில் தனுஷ் ஆடியதும் இந்த அடிமுறைதான். எட்ட நின்று அடிக்க வேண்டும் என்பதுதான் கேப்காமின் எண்ணமென்றால், கையை நீட்ட வேண்டிய அவசியமே இல்லை. இடுப்பில் கச்சை போல் சுற்றியிருந்து, உருவி வீசினால் பல அடி தூரம் சுழலும் உறுமி வாள் இங்கேயே இருக்கிறது!

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லோரும் நெருங்கி வந்து குத்திக் கொண்டிருந்த காலத்தில், எட்ட நின்று நிதானமாகச் சண்டையிடும் ஒருவரை உண்டாக்கியது நல்ல யோசனை. அந்த யோசனைக்கு இந்தியர் ஒருவர் கிடைத்ததும் சந்தோஷமே. மூலத்தில் யோகி என்றால், விளையாடும் விதத்திலும் யோகிதான். பொறுமை இல்லாதவருக்கு அவர் வசப்பட மாட்டார்.

இந்த ஏழில் தால்சிம் வருவது மூன்றில்: 1996, 1997, 2000. அவரைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் 1996-ம் ஆண்டு விளையாட்டையே நான் சிபாரிசு செய்வேன். வீரர்களின் எண்ணிக்கை 20-ஐத் தொடாது. ஆளுக்கு இரண்டு வீரர்கள். ஒருவர் களைத்தால் இன்னொருவரை உள்ளே அழைக்கலாம். வெளியே போனவர் இழந்த பலத்தில் ஒரு பகுதியை மீட்டுக் கொள்வார். யாரை எப்போது இறக்குவது, எப்போது இளைப்பாற விடுவது என்பதில்தான் ருசி. தால்சிமின் நீண்ட கையால் ஜகர்நாட் போன்ற மலைமனிதனைக் கிட்ட வர விடாமல் தடுத்து, அவன் சலித்துத் தாவும் நேரத்தில் துணைவரை இறக்கினால், அடடா! இதுவல்லவோ சண்டை என்று தோன்றும்.

சிறுவயதில், மணிக்கணக்குக்கு வாடகை வாங்கும் கடையில், ப்ளேஸ்டேஷன் பெட்டியில் இதே விளையாட்டை ஆடியதுண்டு. அதில் ஆள் மாற்றம் சரிவர நடக்காது. அந்தப் பெட்டியின் நினைவகம் நான்கு வீரர்களின் படங்களை ஒரே சமயத்தில் தாங்காது என்பதால், இரண்டாமவர் எட்டிப் பார்த்து ஓர் அடி அடித்து விட்டு ஓடி விடுவார். சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் பெட்டியில் மட்டும் 4 மெகாபைட் கூடுதல் அட்டை செருகி மூலத்தைப் போல் ஆடினார்கள். நம்மூரில் சாட்டர்னை யார் கண்டார்கள்? எனவே, என் போன்றோர் 'பெட்டி விளையாட்டை' அதன் முழு உருவில் பார்ப்பது இதுவே முதல் தடவை.

இனி எல்லோரும் பேசும் 2000-ம் ஆண்டு விளையாட்டுக்கு வருவோம். மார்வெல் கட்சியில் 28, கேப்காம் கட்சியில் 28, ஆக 56 பேர். ஆளுக்கு மூன்று வீரர்கள். ஒருவர் சண்டையிடும்போதே மற்ற இருவரையும் உதவிக்குக் கூப்பிடலாம். திரையில் ஒரே நேரத்தில் ஆறு பேர் பாய, மின்னல் வெட்ட, ஏவுகணை பறக்க, தீபாராதனை நேரத்துக் கூட்டம் தோற்றது! வீரர்களைத் தேர்ந்தெடுக்கும்போது பின்னணியில் ஒரு பெண் குரல் ஜாஸ் மெட்டில் ஒரே வரியைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறது. அரைமணி கழித்து அதை நாமும் முணுமுணுக்க ஆரம்பித்து விடுவோம்.

56 பேர் என்பது பிரமாதமாகத்தான் கேட்கிறது. ஆனால் முன்பதிவு கவுண்டரில் உட்காருகிறவன் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும்: பட்டியலில் பெயர் இருப்பது வேறு, படுக்கை கிடைப்பது வேறு. போட்டி மேடைகளில் திரும்பத் திரும்ப வருபவர்கள் மேக்னிட்டோ, ஸ்டார்ம், சென்டினல், கேபிள் என்ற நால்வரும், அவர்களுக்கு உதவியாகச் சிலருந்தான். மேக்னிட்டோ கையில் அகப்பட்டால் எதிராளியின் கால் தரையில் படவே விட மாட்டார். சென்டினல் என்ற இயந்திர ராட்சசனின் அடி இடி போன்றது. அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடக்கும் 'ஈவோ' போட்டியில் இந்த விளையாட்டைப் பலமுறை வென்ற ஜஸ்டின் வாங் என்ற வீரரும் இந்த வட்டத்தை விட்டு அதிகம் வெளியே போனவரல்ல. மற்றவர்கள் கூட்டத்துக்கு நிற்கிறார்கள். கேப்காம் இவர்களில் பெரும்பாலோரைப் பழைய விளையாட்டுகளிலிருந்து படத்தோடு பெயர்த்துக் கொண்டு வந்து நிறுத்தியது. புதிதாக வரைந்தது ஒரு சிலரை மட்டுமே. தால்சிமும் அப்படி வந்தவரே.

என் மருமகனோடு ஆடிய அன்று நான் தால்சிமையே எடுத்தேன். "மாமா, இந்தச் சாமியாரை எடுக்காதீங்கோ. சென்டினல் வந்தான்னா ரெண்டு அடிக்குத் தாங்க மாட்டாரு" என்றான். தாங்கவில்லை. பத்து ஆட்டத்தில் எனக்குக் கிடைத்தது ஒன்று. அதுவும் அவன் அம்மா காப்பிக்குக் கூப்பிட்ட நேரத்தில்.

இப்படிக் குறை சொன்னாலும், இந்தக் கட்டு வெளிவந்ததே ஒரு நல்ல காரியம் என்பது என் முடிவான அபிப்பிராயம். காரணம் எண்ணிக்கை அல்ல. 2009-ல் புதிய பெட்டிகளுக்காக மறுபடி விற்பனைக்கு வந்த 'மார்வெல் வெர்சஸ் கேப்காம் 2', மார்வெலுடன் இருந்த உரிமை ஒப்பந்தம் முடிந்ததால் 2013 டிசம்பரில் இணையக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டது. அப்புறம் பத்து ஆண்டுக்கும் மேல், வீட்டுப் பெட்டியில் முறைப்படி வாங்க வழியில்லை. பழைய தட்டு வைத்திருந்தவர் வைத்திருந்தார். இல்லாதவர் திருட்டுப் பிரதியைத் தேடினார். ஒரு விளையாட்டு இரண்டு முதலாளிகளுக்குச் சொந்தமானால், ஒருவர் கையெழுத்துப் போடாவிட்டாலும் அது பூட்டிய அறைக்குள்தான். 2017-ல் வந்த இதே வரிசையின் புது விளையாட்டில் எக்ஸ்-மென் வீரர் ஒருவர்கூட இல்லை. இந்தப் பழைய பெட்டிகளை விடுவிக்கக் கோரி 2021-ல் ரசிகர்கள் இயக்கமே நடத்தினார்கள். கூட்டுக்குடும்பச் சொத்து வழக்குகளை அறிந்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும்.

மீட்டுக் கொடுத்ததையும் அக்கறையோடு கொடுத்திருக்கிறார்கள். 1997 விளையாட்டில் நோரிமாரோ என்ற கோமாளி வீரர் ஒருவர் உண்டு. கினாஷி நொரிடாகே என்ற ஜப்பானிய நகைச்சுவை நடிகரை வைத்துச் செய்தது. ஜப்பானுக்கு வெளியே வந்த பிரதியில் அவரை நீக்கி விட்டிருந்தார்கள். இப்போதுதான் ஆங்கிலப் பிரதியிலும் அவரை எடுத்து ஆட முடிகிறது. தொலைதூரத்தில் இருப்பவரோடு ஆடுவதற்கு 'ரோல்பேக்' என்ற முறை: எதிராளியின் அடுத்த அசைவைக் கம்ப்யூட்டர் ஊகித்து ஆட்டத்தை நிறுத்தாமல் நடத்தும், ஊகம் தவறானால் இமைப்பொழுதில் பின்னே போய்த் திருத்திக் கொள்ளும். துபாயில் இருக்கும் தம்பியோடு ஆட நினைப்பவர்களுக்கு இது பெரிய உதவி. அடியும் தடுப்பும் எந்த இடத்தில் படுகின்றன என்று கட்டம் போட்டுக் காட்டும் பயிற்சி அறையும் உண்டு. குறையென்றால், வந்த புதிதில் ஏழு விளையாட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு இடத்தில்தான் பாதி ஆட்டத்தைச் சேமிக்க முடிந்தது. 500 ஓவியங்களுக்கு இடம் கண்டவர்களுக்கு இதற்கு இடமில்லாமல் போனது வேடிக்கைதான்.

அமெரிக்காவில் வெளியீட்டு விலை 49.99 டாலர். கம்ப்யூட்டர், ப்ளேஸ்டேஷன் 4, நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆகியவற்றுக்கு முதலில் வந்தது. வாங்குகிறவர்கள் கையோடு இரண்டாவது கண்ட்ரோலரும் வாங்கி விட வேண்டும். இது தனியாக ஆடும் விளையாட்டே அல்ல. முதலில் 1996, பிறகு 1998, பழகிய பின் 2000 என்ற வரிசையில் ஆடினால் தலை சுற்றாது. வீட்டில் சின்னக் குழந்தைகள் இருந்தால் 'பனிஷர்' மட்டும் வேண்டாம். துப்பாக்கியும் கொலையும் அதிகம்.

தால்சிமை எடுப்பவர்கள் நெருப்பு ஊதுவதைக் குறைத்துக் கொண்டு, நீண்ட காலால் எதிராளியின் பாதத்தைக் குறி வைத்தால் சற்று நேரம் கூடுதலாக நிற்கலாம். சென்டினலிடம் அதுவும் செல்லாது.